கிளிஞ்சல் தெரு மெம்பரம்மா

திருவொற்றியூருக்கு வடக்கே, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் மதிலை ஒட்டிக் கிடக்கிறது கிளிஞ்சல் தெரு. மொத்தம் நாற்பத்து மூன்று வீடுகள். மதிலுக்கு அந்தப் பக்கம் உயரமான குழாயின் உச்சியில் இரவும் பகலும் நெருப்பு எரியும். காற்று திரும்பி அடித்தால் கெட்டுப்போன முட்டை வாசனை வரும். மொட்டை மாடியில் வெள்ளைத் துணியைக் காயப்போட்டால் சாயங்காலம் அது வெள்ளையாகத் திரும்பி வராது. இருபத்தேழாம் எண் வீட்டு மாடியில் தையல் மெஷின் போட்டிருந்த சாபிரா, மாதா கோயிலில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கும் பிள்ளைகளின் வெள்ளை கவுனைப் பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டே தைப்பாள் என்று தெருவில் கேலி பேசுவார்கள்.

சாபிராவுக்கு நாற்பத்தாறு வயது. வண்ணாரப்பேட்டையில் ஒன்பதாவது வரை படித்தவள். படிப்பு நின்றதே தவிர படிக்கிற பழக்கம் நிற்கவில்லை. கையெழுத்துப் போடச் சொல்லி எந்தக் காகிதத்தை நீட்டினாலும் முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை படிப்பாள். புதுக் கேஸ் இணைப்பு வாங்கிய அன்று, சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு நின்ற ஆளை நிற்கவைத்தே பதினாறு பக்கப் புத்தகத்தைப் படித்து முடித்தாள். "அக்கா, எறக்கி வெச்சிடட்டா?" என்று அவன் இரண்டு முறை கேட்டான். "இரு, எறக்கி வெக்கிறது எப்டின்னு தான் படிச்சிகினு கீறேன்" என்றாள்.

அவள் கணவன் ரஷீது, காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றும் மினி லாரி ஓட்டுகிறவன். விடிவதற்கு முன்னால் போய், வெயில் ஏறிய பிறகு வந்து, லுங்கியைக் கட்டிக்கொண்டு தூங்குவான். ஒரே மகள் நவ்ரீனைப் பெரம்பூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. வீட்டுச் சொந்தக்காரர் வெள்ளத்துரை, சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருஷமாகக் கீழே மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. மாடியில் தளம் ஒழுகுகிறது என்று சாபிரா பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "மழ நின்னா ஒழுக்கு நின்னுரும்மா" என்று அண்ணாச்சியும் பதினோரு வருஷமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் ஆலையை விரிவாக்க அனுமதி கிடைத்தது. அனுமதியோடு அரசாங்கம் ஒரு நிபந்தனையும் போட்டது. மதிலை ஒட்டிய வீடுகளைக் கம்பெனியே விலை கொடுத்து வாங்கி அங்கே மரம் வளர்க்க வேண்டும். விற்க மனமுள்ளவர்களிடம் மட்டுமே வாங்கலாம், யாரையும் மிரட்டவோ ஏமாற்றவோ கூடாது. இதையெல்லாம் பார்த்துக்கொள்ள மூன்று பேர் கொண்ட கண்காணிப்புக் குழு. ஒருவர் துணை ஆட்சியர், ஒருவர் பொறியாளர். மூன்றாமவர், 'விற்பனையில் எவ்வித ஆதாயமும் இல்லாத, அப்பகுதியில் வசிக்கும் பெண்'.

இந்த மூன்றாமவரைத் தேடி வருவாய் ஆய்வாளர் ஜூன் மாத வெயிலில் தெருவை நாலு தடவை அளந்தார். எந்தப் பெண்ணைக் கேட்டாலும் அவளுக்கோ அவள் புருஷனுக்கோ மாமியாருக்கோ அந்தத் தெருவில் ஒரு வீடு இருந்தது. கடைசியில் நாக்கு வறண்டு வெள்ளத்துரை கடையில் சோடா குடிக்க வந்தார். விஷயத்தைக் கேட்ட அண்ணாச்சி மேலே கையைக் காட்டினார்.

"மாடியில ஒரு தையக்காரம்மா வாடகைக்கு இருக்கு. அதுக்கு இதுல ஒரு ஆதாயமும் கெடையாது. சுத்தமா கெடையாது."

ஆய்வாளர் படியேறி வந்து நின்றார்.

"உங்க பேர்ல வீடு எதுவும் இருக்காம்மா?"

"எம் பேர்ல இந்த மெசினு தான் கீது சார்."

"வீட்டுக்காரர் பேர்ல?"

"அவுரு பேர்ல ஒரு போலீஸ் கேசு கீது. செவப்பு லைட்டுல நிக்காம பூட்டாருன்னு."

ஆய்வாளர் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக வெளிச்சம் வந்தது. சோடா பாட்டிலைப் படியிலேயே வைத்துவிட்டுப் பெயரை எழுதிக்கொண்டார்.

பதினைந்து நாளில் கோபுர முத்திரை போட்ட கடிதமும் கழுத்தில் மாட்டும் அடையாள அட்டையும் வந்தன. அட்டையில் புகைப்படம் கொஞ்சம் கோணல். ரஷீது அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கலெக்டரம்மா, இன்னிக்கு நாஷ்டா கெடைக்குமா, இல்ல மனு குடுக்கணுமா?" என்றான். சாபிரா கடிதத்தை மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் காலையில் ஒரு கொத்தனார் சிமெண்ட் சட்டியோடு மாடிக்கு ஏறிப் போனார். பின்னாலேயே வெள்ளத்துரை, கையில் அல்வாப் பொட்டலம்.

"மெம்பரம்மா! அந்த ஒழுக்க இன்னைக்கி அடைச்சிருவோம். பாவம், எத்தன வருசமா கஷ்டப்படுதீய!"

பதினோரு வருஷமாக 'ஏம்மா' என்றிருந்தவர் ஒரே ராத்திரியில் 'மெம்பரம்மா' என்கிறார். சாபிரா ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்தாள்.

"அண்ணாச்சி, அந்தாளைக் கீழ எறங்கச் சொல்லுங்க. இப்ப ஓட்டைய அடைச்சா அது லஞ்சம்."

"லஞ்சமா? எங் கூரைய நான் அடைக்கேன்!"

"உங்க கூரை தான். ஒழுவறது எந் தலையில. எனக்கு ஆதாயம் இருக்கக்கூடாதுன்னு காயிதத்துல கீது."

லுங்கிக்குள் சுருண்டு கிடந்த ரஷீது தலையைத் தூக்கினான். "ஏய், லஞ்சமோ கிஞ்சமோ, அடைச்சிட்டுப் போவட்டும் வுடு. மழக்காலம் வருது."

"நீங்க தூங்குங்க" என்றாள் சாபிரா. கொத்தனார் இறங்கினார். அல்வாவும் இறங்கியது. ரஷீது ஒழுக்குக்கு நேராக வைத்திருந்த வாளியை ஒரு பெருமூச்சோடு சரி செய்துவிட்டுப் படுத்தான்.

குழுவின் மற்ற இருவர் சாதுவான மனிதர்கள். துணை ஆட்சியர் தங்கபுஷ்பம் நாகர்கோவில்காரர், ஓய்வுபெற இரண்டு வருஷம் பாக்கி. எந்தக் கூட்டத்திலும் முதல் வேலையாக மின்விசிறி எங்கே இருக்கிறது என்று பார்ப்பார். பொறியாளர் சைமன், நாற்பது வயதுக்குள்ளேயே முடி கொட்டிப்போன ராயபுரத்துக்காரர். கம்பெனி சார்பில் வருகிறவன் அஜின். இஸ்திரி கலையாத சட்டை, யாரைப் பார்த்தாலும் ஒரு வணக்கம். மூன்றாவது உறுப்பினர் கூட்டத்துக்கு வந்து, டீ குடித்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார் என்பதுதான் எல்லோருடைய எதிர்பார்ப்பும். முதல் கூட்டத்திலேயே சாபிரா வருகைப் பதிவேட்டைப் பின்பக்கம் வரை படித்தபோது தங்கபுஷ்பம் மின்விசிறியை மறந்துவிட்டு அவளைப் பார்த்தார்.

வீடுகளை அளக்கும் வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. முப்பத்தொரு வீடு முடிந்திருந்தது. சாபிரா முதன்முதலில் கூடப் போனது முப்பத்திரண்டாம் எண் வீட்டுக்கு. மீன் விற்கும் ஜெரினாவின் வீடு. சைமன் கையில் கம்பெனி கொடுத்த லேசர் கருவி. அதைச் சுவரில் ஒட்டி வைத்துப் பொத்தானை அமுக்கினால் எதிர்ச் சுவரில் சிவப்புப் புள்ளி விழும், கருவியில் எண் வரும், அஜின் அதைக் குறித்துக்கொள்வான். ஒரு அறைக்கு அரை நிமிஷம்.

"பதினோரடி ஏழரை அங்குலம்" என்றார் சைமன்.

"பன்னெண்டு சார்" என்றாள் சாபிரா.

"என்னம்மா?"

"இந்த ஹாலு பன்னெண்டு அடி. போன வருஷம் இவுங்களுக்கு நான் தான் குறுக்க ஸ்கிரீன் தெச்சுக் குடுத்தேன்."

சைமன் சிரித்தார். "அம்மா, இது ஜெர்மன் மெஷின்."

சாபிரா தோளில் கிடந்த இஞ்சு டேப்பை எடுத்தாள். "இது வண்ணாரப்பேட்ட டேப்பு. புடிங்க அந்த மொனைய."

அரசாங்கப் பொறியாளர் தரையில் குத்துக்காலிட்டு டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டார். சாபிரா தையல் சாக்பீஸால் தரையில் கோடு போட்டுக்கொண்டே போனாள். இரண்டு முழு டேப்பு, அதற்கு மேல் இருபத்து நாலு அங்குலம். சரியாகப் பன்னிரண்டு அடி.

"துணி டேப் இழுபடும்" என்றான் அஜின்.

"இழுத்து அளந்தா ஜாக்கெட்டு தொளதொளன்னு தொங்கும் தம்பி. இந்தத் தெருவுல பாதிப் பேருக்கு நான் தான் தெக்கிறேன். ஒரு இஞ்சு தப்பினா என்ன வுடுவாங்களா?"

வாசலில் அதற்குள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். சைமன் தன் பையைத் துழாவி இரும்பு டேப்பை எடுத்து அளந்தார். பன்னிரண்டு அடி. மறுபடி லேசரால் அளந்தார். பதினோரடி ஏழரை. சாபிரா அந்தக் கருவியை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தாள்.

"சார், இது எங்கேர்ந்து அளக்குது? தலைலேர்ந்தா, வால்லேர்ந்தா? கை அளவு எடுக்கசொல்ல தோள்லேர்ந்தா கழுத்துலேர்ந்தான்னு மொதல்ல கேட்டுக்குவோம். அது மாதிரி கேக்கறேன்."

சைமன் கருவியை வாங்கித் திரையை உற்றுப் பார்த்தார். மூலையில் எறும்பளவுக்கு ஒரு படம். அம்புக்குறி கருவியின் மூக்கில் நின்றது. அது நிற்கவேண்டிய இடம் அடிப்பக்கம். சாபிரா டேப்பைக் கருவியின் மேலேயே வைத்து அளந்தாள். நாலரை அங்குலம்.

அதாவது இரண்டு மாதமாக ஒவ்வொரு அளவிலும் அந்தக் கருவி தன் உடம்பளவைக் கழித்துக்கொண்டே வந்திருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் எட்டுச் சதுர அடி காணாமல் போயிருக்கிறது. முப்பத்தொரு வீட்டில் எத்தனை அறை என்று சைமன் மனசுக்குள் எண்ண ஆரம்பித்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அட பாவி! மெசின வெச்சி எவ்ளோ வூட்ட முழுங்கினடா?" என்று ஜெரினா மீன் கூடையை அப்படியே போட்டுவிட்டு வந்தாள். யார் அந்த அம்புக்குறியை மாற்றியது என்று கடைசிவரை தெரியவில்லை. அஜின் தனக்குத் தெரியாது என்று அந்தோணியார் மேல் சத்தியம் செய்தான். அவன் முழித்த முழியைப் பார்த்தால் அது நிஜம் என்றுதான் சாபிராவுக்குத் தோன்றியது. முப்பத்தொரு வீட்டையும் மறுபடி அளக்க உத்தரவாயிற்று. இரும்பு டேப்பின் ஒரு முனையில் சைமன், மறுமுனையில் சாபிரா. ஆகஸ்ட் முழுவதும் தைக்கக் கொடுத்த துணிகள் மூட்டையாகக் கிடந்தன. ஆனால் துணி கொடுத்த ஒருத்திகூட அவசரப்படுத்தவில்லை.

அளவு முடிந்ததும் விருப்பம் கேட்கும் கட்டம். ஒவ்வொரு உரிமையாளரையும் தனியாக, கம்பெனி ஆட்களோ உறவினரோ பக்கத்தில் இல்லாமல் கேட்க வேண்டும். ரேஷன் கடைக்கு அடுத்த சமுதாயக் கூடத்தில் மேஜை போட்டு உட்கார்ந்தார்கள். வெள்ளத்துரை உள்ளே வந்து இரண்டு நிமிஷத்தில் "சம்மதம், சம்மதம்" என்று எல்லாவற்றுக்கும் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் பத்திரத்தில் அவர் மனைவி ஞானபாக்கியத்தின் பெயரும் இருந்தது. அவர் வந்து உட்கார்ந்தார். வெள்ளத்துரை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். சைமன் கதவைச் சாத்தினார்.

"உங்க சொந்த விருப்பத்துல தான் விக்கிறீங்களாம்மா?" என்று தங்கபுஷ்பம் கேட்டார்.

ஞானபாக்கியம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "விருப்பமா? இத எங்கிட்ட கேக்கதுக்கு அரசாங்கம் வரவேண்டியிருக்கு, பாத்தீயளா."

"அதாவது..."

"கல்யாணமாகி முப்பத்தி ரெண்டு வருசம். மெட்ராசுக்கு வருவோமான்னு எங்க வீட்டுக்காரவிய கேக்கல. ஊருல எங்க அப்பா குடுத்த பனங்காட்டு வெளைய விக்கட்டுமான்னு கேக்கல. மூத்தவனுக்கு எபினேசர்னு பேரு வைக்கட்டுமான்னு கேக்கல. பேரு நல்ல பேரு தான், அத நான் கொற சொல்லல. ஆனா கேக்கணும்லா?"

"கேக்கணும்" என்று தங்கபுஷ்பம் தன்னை அறியாமல் சொன்னார்.

அவ்வளவுதான், சொந்த ஊர்க்காரி கிடைத்த மாதிரி ஞானபாக்கியம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பதினைந்து நிமிஷத்துக்கு ஒதுக்கிய விசாரணை ஒன்றரை மணி நேரம் ஓடியது. மாற்றிய மின்விசிறி, மாற்றாத மிக்ஸி, போகாத வேளாங்கண்ணி என்று எல்லாம் வந்தன. வெளியே வரிசையில் நின்றவர்கள் உள்ளே ஏதோ பெரிய ஊழலே வெளிவருகிறது என்று நினைத்தார்கள். சாபிரா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. கீழ் வீட்டு அக்கா இத்தனை பேசி அவள் கேட்டதேயில்லை.

ஆறாவது கேள்வி வந்தது. "விற்கச் சொல்லி யாராவது வற்புறுத்தினாங்களா?"

"ஆமா."

தங்கபுஷ்பத்தின் பேனா நின்றது. "யாரு? கம்பெனி ஆளுங்களா?"

"அந்தப் பையனா? சே, பாவம். வணக்கம் சொல்லிட்டுப் போயிருவான். வற்புறுத்துறது எங்க வீட்டுக்காரவிய தான். ராவும் பகலும் அதே பேச்சு."

படிவத்தில் நாலு கட்டம் இருந்தது. கம்பெனி, தரகர், அரசியல் பிரமுகர், பிறர். துணை ஆட்சியர் சைமனைப் பார்த்தார். சைமன் கூரையைப் பார்த்தார். சாபிரா படிவத்தைப் பார்த்துவிட்டு, "மேடம், 'பிறர்'ல ஒரு டிக்கு. பக்கத்துல விவரம் எழுதச் சொல்லிக் கீது" என்றாள். 'விவரம்: கணவர்' என்று பதிவாயிற்று. வற்புறுத்தல் இருப்பதால் இருபத்தேழாம் எண் கோப்பு நிறுத்தி வைக்கப்பட்டது.

அன்று சாயங்காலம் வெள்ளத்துரை மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி வந்தார். "எம்மா! எம் பொண்டாட்டிய நான் மெரட்டுனேன்னு அரசாங்கக் காயிதத்துல ஏத்திட்டீயளே! நாளைக்கி ஊருல எவன் மொகத்துல முழிப்பேன்?"

"நீங்க கேக்கலியாம் அண்ணாச்சி."

"என்னத்தக் கேக்க?"

"அதான், அவுங்களக் கேளுங்க."

அண்ணாச்சி இது என்ன புதுப் பாஷை என்பதுபோலப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

நவம்பரில் கையெழுத்துக்குக் கோப்புகள் வந்தன. தங்கபுஷ்பமும் சைமனும் மளமளவென்று போட்டுத் தள்ள, சாபிரா ஒவ்வொன்றாகப் படித்தாள். ஜன்னலுக்கு வெளியே மழை. முதல் நாலு கோப்பில் ஒரு வரியைப் படித்தும் அவள் மனசில் அது பதியவில்லை. நிறுத்தி வைத்திருந்த இருபத்தேழாம் எண் கோப்பும் அடுக்கில் கலந்திருந்தது; அதைப் புரட்டியபோதுதான் அந்த வரி உறைத்தது. ஒன்பதாவது கேள்வி. 'உரிமையாளரின் குடும்பத்தினர் தவிர வேறு எவரும் இவ்வீட்டில் வசிக்கவில்லை.' எதிரே வெள்ளத்துரையின் கையெழுத்தில், மளிகைச் சீட்டில் எழுதுகிற அதே சாய்வான எழுத்தில், 'ஆம்.' அடியில், 'மேற்கண்டவற்றை நேரில் ஆய்வு செய்து உண்மை எனச் சான்றளிக்கிறோம்.' அங்கே மூன்று கையெழுத்துக்கு இடம்.

அவள் அதை நாலு தடவை படித்தாள். பதினோரு வருஷம். அந்த மாடியில்தான் நவ்ரீனைப் பெண் பார்க்க வந்தார்கள். அந்த மாடியில்தான் தொற்றுநோய்க் காலத்தில் தெருவுக்கே முகக்கவசம் தைத்தாள். வருவது அழுகை என்று நினைத்தாள். பேச ஆரம்பித்த பிறகுதான் அது கோபம் என்று தெரிந்தது.

"மேடம், நான் இல்லன்னு நானே கையெழுத்துப் போடணுமா?"

தங்கபுஷ்பம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"அது ஒரு ஃபார்மாலிட்டி மேடம்" என்றான் அஜின். "காலி வீடா ஒப்படைக்கணும் இல்லையா, அதுக்காக எல்லா ஃபைல்லயும் அப்படித்தான் போட்டிருக்கோம்."

"எல்லா ஃபைல்லயுமா?" என்றாள் சாபிரா.

அஜின் வாயை மூடிக்கொண்டான். சைமன் கண்ணை மூடிக்கொண்டார்.

தங்கபுஷ்பம் மெதுவாகப் பேசினார். "சாபிரா, ஒரு சிக்கல் இருக்கு. நீங்க குடித்தனக்காரங்களுக்காகப் பேசினா அது உங்க ஆதாயத்துக்காகப் பேசினதா ஆயிரும். விதிப்படி உறுப்பினர் அப்படிப் பேசக்கூடாது."

"பேசலை மேடம். கையெழுத்தும் போடலை. நேர்ல ஆய்வு செஞ்சேன்னு தான எழுதிக் கீது? நீங்களே வந்து, நான் அங்க கீறனா இல்லியான்னு பாத்துட்டுச் சொல்லுங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

துணை ஆட்சியர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மழையில் தெருவே பின்னால் வந்தது. கடையிலிருந்து ஓடி வந்த வெள்ளத்துரை படியில் குறுக்கே நின்று, "மேல சும்மா சாமான் போட்டு வச்சிருக்கோம் மேடம்" என்றார். தங்கபுஷ்பம் அவரைத் தாண்டிப் போய்க் கதவைத் தள்ளினார். சாமான்களுக்கு நடுவில் ரஷீது லுங்கியைப் போர்த்திக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்தான்.

"நீங்க யாருங்க?" என்று துணை ஆட்சியர் கேட்டார்.

ரஷீது சாபிராவைப் பார்த்தான். அவள் வாயைத் திறக்கவில்லை. "எவ்ளோ தைரியம் பாரு. எங்க வூட்டுக்குள்ள வந்து என்னையே யாருன்றீங்களே" என்றான்.

"எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"பதினோரு வருசமா. இன்னாமே, சென்சஸ்ஸா?"

தங்கபுஷ்பம் பதில் எழுதப் பதிவேட்டை விரித்தார். கூரையிலிருந்து ஒரு சொட்டு அந்தப் பக்கத்தின் நடுவில் விழுந்தது. அண்ணாந்து பார்த்தார். இன்னொரு சொட்டு கண்ணாடியில் விழுந்தது. அதைத் துடைத்துக்கொண்டே எழுதினார்: 'மாடியில் தையல்காரர் ஒருவர் கணவருடன் வசிக்கிறார். தளம் ஒழுகுகிறது.' பிறகு குடையை அறைக்குள்ளேயே விரித்துப் பிடித்துக்கொண்டு, "மத்த வீடுகளையும் இப்பவே பாத்துருவோம்" என்றார்.

அன்று இருட்டுவதற்குள் தெருவில் இல்லாத குடும்பங்கள் பதினேழு கண்டுபிடிக்கப்பட்டன. அவர்களில் ஒரு வீட்டில் இல்லாதவர்கள் ஏழு பேர்.

ஜனவரியில் புதுப் படிவம் வந்தது. குடியிருப்பவர் பெயர், எத்தனை ஆண்டு என்று தனிக் கட்டம். குடித்தனக்காரருக்கு ஆறு மாத அவகாசமும் வேறு வீடு போக உதவித்தொகையும் கொடுத்த பிறகே வீட்டைக் கம்பெனி எடுக்கலாம். தெருவில் சிலர் பட்டாசு வெடித்தார்கள். சாபிரா கொண்டாட்டத்துக்கு வரவில்லை. உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டே வரி. 'எனக்கு இப்போது ஆதாயம் ஏற்பட்டுவிட்டது. ஆகவே விலகிக்கொள்கிறேன்.'

தங்கபுஷ்பம் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல இந்தக் காரணத்துக்கு ஒருத்தரும் விலகி நான் பாக்கல" என்றார். அவர் குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்ததாக சாபிராவுக்குத் தோன்றியது. அதற்கப்புறம் வருவாய் ஆய்வாளர் பத்து வாரம் அலைந்தார். இப்போது சொந்தக்காரருக்கும் ஆதாயம், வாடகைக்காரருக்கும் ஆதாயம். கடைசியில் தெருமுனைக் கன்னியர் மடத்திலிருந்து ஒரு சிஸ்டரைப் பிடித்தார். எந்தச் சொத்தும் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று கோயிலில் சத்தியம் செய்தவர் அவர். அதைவிட வலுவான சான்றிதழ் தாலுகா அலுவலகத்தில்கூடக் கிடைக்காது.

ஏப்ரலில் இருபத்தேழாம் எண் மறுவிசாரணை. சாபிரா இந்த முறை குடித்தனக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தங்கபுஷ்பம் கோப்பைத் திறந்து, "வற்புறுத்தல் இன்னும் இருக்காம்மா?" என்று கேட்டார்.

"இப்ப இல்ல" என்றார் ஞானபாக்கியம். "ஆறு மாசமா அவிய எங்கிட்ட பேசுறதே இல்ல."

"அப்போ சம்மதமா?"

"இன்னும் எங்கிட்ட யாரும் கேக்கலியே."

"நான் கேக்கேனே அம்மா!" தங்கபுஷ்பத்துக்கே ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

"நீங்க கேட்டா ஆச்சா?"

எல்லோரும் வெள்ளத்துரையைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சட்டைப் பொத்தானைத் தடவினார். தொண்டையைச் செருமினார். அஜினைப் பார்த்தார், அவன் செருப்பைப் பார்த்தான். பெஞ்சிலிருந்து சாபிரா, "கேளுங்க அண்ணாச்சி, ஒண்ணும் ஆவாது" என்றாள்.

"பாக்கியம்" என்றார் வெள்ளத்துரை. "வீட்ட... வித்துருவமா?"

ஞானபாக்கியம் சேலைத் தலைப்பைச் சரி செய்தார். அவர் முகம் பூரித்துப்போய்ப் பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றார்.

பதினோரு நாள் யோசித்தார். அந்தப் பதினோரு நாளும் அண்ணாச்சி காலையில் எழுந்து தானே காப்பி போட்டார். பன்னிரண்டாம் நாள் சம்மதம் வந்தது, ஒரு நிபந்தனையோடு. புது வீட்டை ஞானபாக்கியம்தான் பார்ப்பார். காலடிப்பேட்டையில் ஒன்பது வீட்டைப் பார்த்து, ஒன்பதையும் வேண்டாம் என்று சொல்லி, பத்தாவதை எடுத்தார்கள். தெருவில் மொத்தம் இருபத்தாறு வீடு விற்பனையானது. ஜெரினா விற்கவில்லை. பன்னிரண்டு அடி ஹாலை விட்டுப் போக மனசில்லை என்று சொல்லிவிட்டாள்.

சாபிராவுக்குத் தண்டையார்பேட்டையில் தரைத்தள வீடு கிடைத்தது. வாடகை ஒப்பந்தத்தை அவள் படித்து முடிக்கும்வரை புது வீட்டுக்காரர் இரண்டு டீ குடித்தார். வீடு மாற்றிய நாளில் ரஷீது தன் மினி லாரியைக் கழுவிக் கொண்டுவந்தான். கழுவியும் கவுச்சி போகவில்லை. மெஷின், பீரோ, வாளி, மூட்டை எல்லாம் ஏற்றி எண்ணூர் விரைவுச் சாலையில் திரும்பியதும் வண்டி நின்றது. முன்னால் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள், கண்ணுக்கெட்டிய தூரம் வரை.

சாபிராவின் போன் அடித்தது. சாயங்காலம் நிச்சயதார்த்தம் வைத்திருக்கும் ஒரு பெண். "அக்கா, ஜாக்கெட்டு எங்க? நீ எங்க கீற?"

"நடுரோட்டுல கீறேன். ஊக்கு மட்டும் தான் பாக்கி."

"ஐயோ, நான் இன்னா பண்ணுவேன்!"

"உங்க அண்ணன டோல்கேட்டாண்ட பைக்குல நிக்கச் சொல்லு. இந்த வண்டி அங்க போறதுக்குள்ள நான் முடிச்சிருவேன்."

ரஷீது எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டான். சாபிரா மடியில் பட்டு ஜாக்கெட்டை விரித்து, ஊசியில் நூல் கோர்த்தாள். ஏழாவது ஊக்கைத் தைத்து நூலைப் பல்லால் கடித்தபோது வண்டி பத்தடி நகர்ந்தது.

"ஒரு கையில ஊசி வெச்சிகினு கீறேன், பாத்து ஓட்டுங்க" என்றாள்.

"ஓட்டறேனா? எங்க ஓட்டறேன்?" என்றான் ரஷீது.